ரெக்ரூட்டிங் சர்வீஸுக்குப் பணம் கட்டுவதா, வேண்டாமா: எங்கள் வீட்டில் நடந்தது

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை இரவு. மறுநாள் காலை ஆறரை மணிக்கு நீச்சல் மீட்டில் வார்ம்-அப். ஒன்பதரைக்கே படுத்திருக்க வேண்டிய என் பெரியவள், நள்ளிரவில் அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு, கையில் போனோடு உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் பத்தாம் வகுப்பை முடித்திருந்தாள்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏவின் விதிப்படி, நீச்சல் உட்படப் பல விளையாட்டுகளில் டி-1, அதாவது முதல் பிரிவுக் கல்லூரிகளின் கோச்சுகள் ஒரு மாணவியோடு ரெக்ரூட்டிங் பற்றி, அதாவது அணிக்கு ஆள் எடுப்பது பற்றிப் பேச அனுமதி கிடைக்கும் நாள், பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15. அதற்கு முன்னால் மாணவி எழுதலாம், கோச் பதில் எழுத முடியாது. அதனால் தங்களுக்கு வேண்டிய பிள்ளைகளுக்குப் பல கோச்சுகள் தேதி மாறிய நிமிடமே மெசேஜ் அனுப்பிவிடுவார்கள். இவளோடு ரிலே நீந்தும் இரண்டு பெண்களுக்குச் சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் போன் அடித்திருக்கிறது. குரூப் சாட்டில் ஸ்கிரீன்ஷாட் போட்டார்கள். இவளும் இருவருக்கும் வாழ்த்துச் சொன்னாள். அவளுடைய போனுக்கு ஒன்றும் வரவில்லை. பன்னிரண்டே முக்கால் வரை பார்த்துவிட்டு, "படுத்துக்கறேன்மா" என்று விளக்கை அணைத்தாள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. ஹாலில் வந்து உட்கார்ந்து, ஒரு மாதமாகத் தள்ளிப்போட்டிருந்த ஒரு மின்னஞ்சலைத் திறந்தேன். ஒரு ரெக்ரூட்டிங் சர்வீஸ், அதாவது கல்லூரி அணியில் இடம் தேடும் பிள்ளைகளுக்குப் பணம் வாங்கிக்கொண்டு உதவும் நிறுவனம், அனுப்பியது. பணம் கட்டும் பக்கத்துக்கு லிங்க் இருந்தது. நடு பேக்கேஜ், 2,800 டாலர்.

அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒரே ஒரு நிறுவனத்தோடு எனக்கு நடந்ததை வைத்து எல்லாரையும் எடைபோடுவதும் சரியில்லை. ஆனால் என்ன நடந்தது என்பதை எழுதியாக வேண்டும். எங்கள் கிளப்பிலேயே இந்த வருடம் நான்கு குடும்பங்கள் இதே கேள்வியோடு என்னிடம் வந்துவிட்டார்கள்.

மே மாதம் அவர்களிடமிருந்து போன் வந்தது. அதற்கு முன் மகள் அவர்களுடைய தளத்தில் இலவசமாக ஒரு பக்கம் தொடங்கியிருந்தாள். பெயர், பள்ளி, டைம்கள், மதிப்பெண் எல்லாம் கொடுத்திருந்தாள். பேசும்போது அப்பா, அம்மா, மகள் மூவரும் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். முக்கால் மணி நேரம் பேசினார் அந்த மனிதர். மரியாதையான பேச்சு. மகளிடம் கனவு என்ன என்று கேட்டார். எங்களிடம், கல்லூரிக்கு எவ்வளவு செலவு செய்ய எண்ணியிருக்கிறீர்கள் என்று கேட்டார். பிறகு, "உங்கள் மகளுக்குத் திறமை இருக்கிறது, ஆனால் அவளைப் பற்றி யாருக்கும் தெரியாது, ஏற்கெனவே தாமதமாகிவிட்டது" என்றார். அந்தக் கடைசி வார்த்தைதான் என் வயிற்றைக் கலக்கியது.

நான் தமிழ்நாட்டில் பொறியியல் படித்தவள். எங்களுக்கு இருந்தது ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு. கட்-ஆஃப் தெரியும், ரேங்க் தெரியும், எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று திரையிலேயே தெரியும். இங்கே அப்படி ஒரு திரை கிடையாது. யார் யாரைத் தேடுகிறார்கள், எத்தனை இடம் இருக்கிறது, எப்போது நிரம்பும், எதுவுமே தெரியவில்லை. எங்கள் இரண்டு குடும்பத்திலும் கல்லூரியில் விளையாடியவர்கள் யாரும் இல்லை. இந்த நாட்டில் ஒரு கோச்சிடம் எப்படிப் பேசுவது என்பதுகூட எனக்குத் தெரியாது. தெரிந்த ஒருவர் வழிகாட்டுகிறேன் என்று வரும்போது, பணத்தைக் கொடுத்துவிட்டால் நிம்மதி என்றுதான் மனசு சொல்லும். என் கணவர்தான் அன்றைக்கு, "கொஞ்சம் பொறு, ஒரு மாசம் போகட்டும்" என்றார். அந்த ஒரு மாதம் ஜூன் 15-ல் வந்து முடிந்தது.

மறுநாள் மீட்டில் அவள் நன்றாகத்தான் நீந்தினாள். 100 பிரெஸ்ட்ஸ்ட்ரோக் முடிந்து அவள் வார்ம்-டவுன் குளத்துக்குப் போனதும், கிளப் கோச்சிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். பணம் கட்டப்போகிறோம் என்றும் சொன்னேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்தெந்த கான்ஃபரன்ஸின் ரிசல்ட்டைப் பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் விழித்தேன். கல்லூரிகளின் ரேங்கிங்கைப் பார்த்திருந்தேன், ஹாஸ்டல் படங்களைக்கூடப் பார்த்திருந்தேன். நீச்சல் ரிசல்ட்டை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

அடுத்த ஹீட்டுக்கு முன்னால் கிடைத்த பத்து நிமிடத்தில் அவர் தன் போனில் காட்டியதுதான் எங்கள் வீட்டு நிலைமையை மாற்றியது. அதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

கல்லூரி அணிகள் கான்ஃபரன்ஸ் என்ற குழுக்களாகப் பிரிந்திருக்கின்றன. ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் ஒவ்வொரு கான்ஃபரன்ஸுக்கும் சாம்பியன்ஷிப் நடக்கும். காலையில் எல்லாரும் நீந்துவார்கள். முதல் எட்டுப் பேர் மாலையில் ஏ ஃபைனலுக்கும், அடுத்த எட்டுப் பேர் பி ஃபைனலுக்கும் திரும்பி வருவார்கள். சில இடங்களில் சி ஃபைனலும் உண்டு. அந்த ஃபைனல்களில் நீந்துகிறவர்கள்தான் அணிக்குப் புள்ளி கொண்டுவருவார்கள். கோச்சின் வேலையே அந்தப் புள்ளியில்தான் நிற்கிறது. ஆகவே, போன வருடம் அந்தக் கான்ஃபரன்ஸில் பதினாறாவதாக வந்த பெண்ணின் டைம் என்ன, என் மகளின் டைம் என்ன? இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்தக் கோச் இவள் மின்னஞ்சலைத் திறந்தவுடன் என்ன நினைப்பார் என்பது ஏறக்குறைய தெரிந்துவிடும். இன்னொன்றையும் காட்டினார். கோடையில் நாம் 50 மீட்டர் குளத்தில் நீந்தினாலும், கல்லூரிகள் 25 யார்டு குளத்தில் நீந்துகின்றன. அதனால் ஒப்பிட வேண்டியது யார்ட்ஸ் டைமை மட்டும்.

அப்போது அவளுடைய சிறந்த டைம் 100 யார்டில் 1:07.9, 200 யார்டில் 2:27.5. கோச் முதலில் ஒரு பெரிய டி-1 கான்ஃபரன்ஸைத் திறந்தார். அவள் கடைசியிலும் கடைசி. அடுத்து ஒரு சின்ன டி-1 கான்ஃபரன்ஸ். அங்கே பி ஃபைனலுக்குக் கொஞ்சம் வெளியே. பிறகு படிப்பில் பெயர்பெற்ற கல்லூரிகள் நிறைந்த, மூன்றாம் பிரிவான டி-3-ன் இரண்டு கான்ஃபரன்ஸ்கள். ஒன்றில் பதினெட்டாவது, இன்னொன்றில் ஒன்பதாவது. அவளுக்கு அப்போது பதினாறு வயது. இன்னும் இரண்டு முழு சீசன் பாக்கி இருந்தது.

முந்தின இரவு அந்தப் போன் ஏன் அடிக்கவில்லை என்பது எனக்கு அங்கேயே புரிந்தது. நள்ளிரவில் மெசேஜ் அனுப்பியது டி-1 கோச்சுகள். அவர்கள் தேடிய டைம் இவளிடம் இல்லை. இவளுடைய டைமுக்குப் பொருந்தும் டி-3 கோச்சுகளுக்கோ ஜூன் 15 என்ற தேதியே கிடையாது. அவர்கள் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம், பதில் போடலாம். ஆனால் இவள் ஒரு டி-3 கோச்சுக்குக்கூட அதுவரை எழுதியதில்லை. டி-3 என்றால் தரம் குறைந்தது என்று நாங்களே முடிவுகட்டி, அந்தக் கதவைத் தட்டாமலே இருந்துவிட்டோம். சர்வீஸ்காரரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த எண்ணம் எவ்வளவு தவறு என்பதை அந்த வாரமே படித்துத் தெரிந்துகொண்டேன். கென்யன் கல்லூரி ஆண்கள் அணி 1980 முதல் 2010 வரை தொடர்ந்து 31 வருடம் டி-3 தேசியப் பட்டத்தை வென்றிருக்கிறது. எமரி பல்கலைக்கழகப் பெண்கள் அணி 2010 முதல் 2019 வரை தொடர்ந்து பத்து முறை. எம்ஐடி, கால்டெக், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், சிகாகோ எல்லாம் நீச்சலில் டி-3தான். எமரியின் டைம்களைப் பார்த்தபோது, அங்கே என் மகளுக்கு இடம் கிடைப்பதே கஷ்டம் என்று தெரிந்தது.

இனி பணத்துக்கு வருகிறேன். அந்த முக்கால் மணி நேரத்தில் ஸ்காலர்ஷிப் என்ற சொல்லை அவர் எத்தனை முறை சொன்னார் என்று நான் எண்ணவில்லை, நிறையச் சொன்னார். டி-3 கல்லூரிகள் விளையாட்டுக்காக ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது என்பது விதி. படிப்புக்காகவும் குடும்பத்தின் தேவையைப் பார்த்தும் மட்டுமே உதவி. ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் டி-1 ஆக இருந்தாலும் அங்கேயும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. மற்ற டி-1 கல்லூரிகளில் அப்போது பெண்கள் நீச்சல் அணிக்கு அதிகபட்சம் 14 முழு ஸ்காலர்ஷிப்புக்கு ஈடான பணம், ஆண்கள் அணிக்கு 9.9. அதைத்தான் மொத்த அணிக்கும் துண்டு துண்டாகப் பங்கு போடுவார்கள். ஆக, 2,800 டாலரைப் போட்டு முழுச் செலவையும் எடுத்துவிடலாம் என்று என் மனதில் ஓடிய கணக்கு, என் மகளுக்குப் பொருந்தும் கல்லூரிகளில் நடக்கவே வழியில்லாத கணக்கு.

எங்களுக்கு உண்மையில் உதவியது ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் இருக்கும் நெட் பிரைஸ் கால்குலேட்டர். உதவித்தொகை போக நாம் கட்ட வேண்டியது ஏறக்குறைய எவ்வளவு என்று அது காட்டும். அரசின் கல்வி உதவியைப் பெறும் கல்லூரிகள் அதை வைத்தே ஆக வேண்டும் என்று 2011 முதல் சட்டம் இருக்கிறது. கணவரும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வரி விவரங்களைப் போட்டுப் பார்த்து, நம்மால் முடியாத ஏழு கல்லூரிகளை அன்றைக்கே பட்டியலிலிருந்து எடுத்தோம். மகளுக்கு அதில் ஒன்று ரொம்பப் பிடித்திருந்தது. அப்போதே சொன்னது நல்லதாயிற்று.

பணம் வாங்கும் முறையைப் பற்றியும் என்சிஏஏவில் ஒரு விதி இருக்கிறது. பெற்றோர் பலருக்கு இது தெரிவதில்லை. ஒரு சர்வீஸ் மாணவியின் விவரங்களைக் கல்லூரிகளுக்கு அனுப்பக் கட்டணம் வாங்கலாம். ஆனால் அந்தக் கட்டணம், அவளுக்கு உதவித்தொகையோடு இடம் கிடைப்பதைப் பொறுத்து இருக்கக் கூடாது. இடம் கிடைத்தால் காசு கொடுங்கள் என்றோ, ஸ்காலர்ஷிப்பில் இத்தனை சதவீதம் என்றோ யாராவது பேசினால், அதற்குச் சம்மதிப்பது பிள்ளையின் தகுதிக்கே ஆபத்து. பிள்ளைகளைக் காப்பதற்கான விதி அது, வரவேற்கிறேன். அதே சமயம் அதன் இன்னொரு பக்கத்தையும் யோசிக்க வேண்டும். நேர்மையான சர்வீஸாக இருந்தாலும், பணம் முன்கூட்டியே போய்விடும். பலன் வந்தாலும் வராவிட்டாலும் அவர்களுக்குக் கிடைப்பது ஒன்றேதான். அப்படியென்றால், என் பணத்துக்கு அவர்கள் என்ன வேலை செய்வார்கள் என்பதை நான் முன்கூட்டியே துருவித் துருவிக் கேட்டாக வேண்டும்.

கேட்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமை நானே போன் செய்தேன், கையில் எழுதி வைத்த கேள்விகளோடு. உங்கள் ஆலோசகர் ஒருவர் எத்தனை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்? சரியான பதில் வரவில்லை. 1:07 நீந்தும் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் பெண்ணுக்குப் பொருந்தும் பத்துக் கல்லூரிகளைச் சொல்லுங்கள், காரணத்தோடு. கணக்குத் தொடங்கிய பிறகு சிஸ்டம் காட்டும் என்றார். அவளுக்காக நீங்கள் கோச்சுகளோடு பேசுவீர்களா? இல்லை, கோச்சுகளின் மின்னஞ்சல் முகவரிகள், மாதிரிக் கடிதங்கள், வகுப்புகள் எல்லாம் தருவோம், எழுத வேண்டியது மாணவிதான் என்றார். பணம் திருப்பிக் கிடைக்குமா? சில நாட்களுக்குள் சொன்னால் கிடைக்கும், அதற்கப்புறம் இல்லை.

மூன்றாவது பதில்தான் எங்களை முடிவுக்குக் கொண்டுவந்தது. எப்படியும் அவளேதான் எழுத வேண்டும். கோச்சுகளின் முகவரி ஒவ்வொரு அணியின் தளத்திலும் பொதுவில் இருக்கிறது. ரெக்ரூட் கொஸ்டினேர் என்ற படிவமும் அதே தளத்தில் இருக்கிறது, இலவசம். டைம்கள் யூஎஸ்ஏ ஸ்விம்மிங் தளத்திலும், ஸ்விம்கிளவுட் என்ற நீச்சல் ரிசல்ட் தளத்திலும் இருக்கின்றன. நீச்சலில் கடிகாரம்தான் சாட்சி. 1:07.9 என்பதை எந்த வீடியோ எடிட்டிங்கும் 1:05 ஆக்காது. ஸ்விம்கிளவுடில் ஒரு கல்லூரி அணியில் இப்போது இருக்கிறவர்களின் டைம்களோடு நம் டைமை ஒப்பிட்டும் பார்க்கலாம். பணம் கட்டவில்லை. இலவசப் பக்கத்தை மட்டும் வைத்திருந்தோம். "ஒரு கோச் உங்கள் பக்கத்தைப் பார்த்தார், யார் என்று அறிய மேம்படுத்துங்கள்" என்று வாரத்துக்கு இரண்டு மின்னஞ்சல் வரும். ஒவ்வொரு முறையும் மகளின் முகம் மலர்ந்து, பிறகு வாடும். ஆகஸ்டில் அதையும் மூடச் சொல்லிவிட்டேன்.

அப்புறம் வேலை தொடங்கியது. அது சின்ன வேலை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவளும் நானும் ஒரு ஷீட் போட்டோம். கல்லூரி, கான்ஃபரன்ஸ், போன சீசனின் எட்டாவது டைம், பதினாறாவது டைம், அவள் படிக்க விரும்பும் பாடம் அங்கே இருக்கிறதா, நம்மால் கட்ட முடியுமா. கிளப் கோச் சொல்லி இன்னொரு பத்தியும் சேர்த்தோம்: அந்த அணியின் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்காரர்களில் 2026 வசந்தத்தில் பட்டம் வாங்கிப் போகிறவர்கள் எத்தனை பேர். மெட்லி ரிலேயில் நான்கு ஸ்ட்ரோக்குக்கும் ஒவ்வொருவர் வேண்டும். இருந்த இரண்டு பேரும் ஒரே வருடம் போகிற அணிக்கு இவள் நிச்சயம் தேவைப்படுவாள். முதலாண்டிலேயே மூன்று பேர் இருக்கிற அணியில், டைம் நன்றாக இருந்தாலும் கோச் யோசிப்பார். இந்தப் பத்தியை நிரப்ப ஒவ்வொரு அணியின் ரோஸ்டர் பக்கத்தையும், அதாவது ஆட்கள் பட்டியலையும், திறந்து ஆள் ஆளாகப் பார்த்தோம். அலுப்பான வேலை. ஆனால் அதைச் செய்துகொண்டிருந்தபோதுதான் அவளுக்கு எந்தக் கல்லூரி பிடிக்கிறது, எதைப் பெயருக்காக வைத்திருக்கிறாள் என்பது அவளுக்கே தெரிய ஆரம்பித்தது. பட்டியல் 41 கல்லூரிகளில் தொடங்கி 26-ல் வந்து நின்றது.

முதல் கடிதத்தை நான் எழுதினேன். நீளமாக, மிகவும் பணிவாக, வேலைக்கு விண்ணப்பிக்கிற மாதிரி. அவள் படித்துவிட்டு, "அம்மா, இது நான் பேசற மாதிரி இல்லம்மா. நானே எழுதறேன்" என்றாள். எழுதினாள். தலைப்பிலேயே பட்டம் முடிக்கும் வருடம், ஸ்ட்ரோக், இரண்டு டைம்கள், ஜிபிஏ. உள்ளே ஆறே வரி: அந்தக் கல்லூரியில் என்ன படிக்க விரும்புகிறாள், ஏன், போன வருடத்திலிருந்து டைம் எவ்வளவு இறங்கியிருக்கிறது, அடுத்த மீட் எப்போது, கிளப் கோச்சின் தொடர்பு. ஒவ்வொரு கல்லூரிக்கும் இரண்டாவது வரி வேறு. அந்த ஒரு வரிக்காக ஒரு கல்லூரிக்கு ஒரு மணி நேரம் படிப்பாள்.

26 கடிதத்துக்கு இரண்டு வாரத்தில் ஒன்பது பதில். அதில் மூன்று, பணம் கட்டி வரச் சொல்லும் கேம்ப் அழைப்புகள். எல்லாருக்கும் போகிற கடிதம் அது, ரெக்ரூட்டிங் அழைப்பு என்று யாரும் மயங்க வேண்டாம். மிச்சம் ஆறு பதில்கள் உண்மையானவை. டைம் இறங்கும்போதெல்லாம் மறுபடி எழுதினாள். 2025 மார்ச்சில் 1:05.8, 2:22.9 வந்ததும் எழுதிய கடிதத்துக்கு, அதுவரை வாயே திறக்காத நான்கு கோச்சுகள் பதில் போட்டார்கள்.

முதல் போன் பேச்சு அவளுக்குப் பெரிய பயம். கராஜில் நிற்கும் காருக்குள் போய் உட்கார்ந்து பேசினாள், தம்பியின் சத்தம் கேட்கக் கூடாது என்று. நான் சமையலறையில் நின்றுகொண்டே இருந்தேன். இருபது நிமிடம் கழித்து வந்தவள், "பயிற்சியில எந்த செட் உனக்குப் பிடிக்காதுன்னு கேட்டாங்கம்மா. உண்மையைச் சொல்லிட்டேன்" என்றாள். எட்டாம் வகுப்பில் வகுப்பில் கை தூக்கவே தயங்கிய பெண் அவள். ஆறாவது பேச்சில், அவளே அந்தக் கோச்சிடம் உங்கள் அணியில் எத்தனை பேர் நான்கு வருடமும் நீந்துகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு கல்லூரியைப் பார்க்கப் போனபோது, துணைக் கோச் ஒருவரிடம் சர்வீஸ்களைப் பற்றி நேரடியாகவே கேட்டேன். சர்வீஸ் வழியாக வரும் கடிதங்கள் ஏராளம், ஒரே மாதிரி இருக்கும், டைமை மட்டும் பார்த்துவிட்டுக் கடந்துவிடுவோம், பிள்ளை தானே எழுதியது இரண்டு வரியிலேயே தெரிந்துவிடும் என்றார். சர்வீஸ் வழியாக வந்ததற்காக யாரையும் ஒதுக்குவதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

சர்வீஸ் ஒருவருக்குப் பயன்பட்டதை நான் நேரிலும் பார்த்திருக்கிறேன். வேறு மாநிலத்தில் இருக்கும் என் தோழியின் மகன் சாக்கர் ஆடுகிறவன். பதினொன்றாம் வகுப்பின் நடுவில் ஊர் மாறினார்கள். புதுப் பள்ளியின் கோச்சுக்கு அவனைத் தெரியாது, கிளப்பும் புதிது. சாக்கரில் கடிகாரம் இல்லை. ஆட்டத்தின் வீடியோவை ஒருவர் பார்த்தால்தான் உண்டு. அவளுக்கும் கணவருக்கும் ஷிஃப்ட் வேலை. ஷீட் போட்டு உட்கார நேரமே இல்லை. ஒரு சர்வீஸில் சேர்ந்தார்கள், வீடியோவை ஒழுங்காக வெட்டித் தந்தார்கள், அதன் வழியாக ஒரு என்ஏஐஏ கல்லூரி தொடர்புகொண்டது. என்ஏஐஏ என்பது என்சிஏஏவுக்கு வெளியே இயங்கும் இன்னொரு அமைப்பு, அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் உண்டு. பையன் இப்போது அங்கே சந்தோஷமாக ஆடுகிறான். அவளிடம் போய் நீ பணத்தை வீணாக்கினாய் என்று நான் சொன்னால் அது அநியாயம். வெளிநாட்டிலிருந்து முயலும் பிள்ளைகளுக்கும், பக்கத்தில் விவரம் தெரிந்த கோச் ஒருவரும் இல்லாதவர்களுக்கும் இப்படி ஒரு துணை தேவைப்படலாம். எங்களுக்கு அந்தத் துணையாக இருந்தவர் கிளப் கோச். மாதக் கட்டணத்துக்கு மேல் அவர் ஒரு பைசா கேட்கவில்லை. ஆனால் நாங்களாகப் போய்க் கேட்கும் வரை அவரும் சொல்லவில்லை. அவருக்கு எண்பது பிள்ளைகள்.

பணம் கட்டாததில் இன்னொரு காரணத்துக்காகவும் பிறகு ஆறுதல் அடைந்தேன். இந்த இரண்டு வருடத்தில் விதிகள் மாறிய வேகம் அப்படி. கமிட் ஆவதென்றால், அதாவது ஒரு கல்லூரி அணியில் சேர்வதாக உறுதி சொல்வதென்றால், நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது என்றுதான் எல்லா வழிகாட்டிகளும் சொல்லிக்கொண்டிருந்தன. 2024 அக்டோபரில் என்சிஏஏ அதையே எடுத்துவிட்டது. 2025 ஜூன் 6-ம் தேதி, கல்லூரி விளையாட்டு வீரர்கள் என்சிஏஏ மீது போட்டிருந்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்தது. அதில் சேர்ந்த டி-1 கல்லூரிகளில் ஸ்காலர்ஷிப் வரம்பு போய், அணிக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு வந்தது. நீச்சலில் ஆண்கள் 30, பெண்கள் 30. ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியில் இடம் பிடித்துக்கொள்ளலாம் என்று நம்பியிருந்த பிள்ளைகளுக்கு அந்த வழி சுருங்கியது. நள்ளிரவில் மெசேஜ் வந்த அந்த இரண்டு பெண்களில் ஒருத்திக்கு, அவளை அழைத்துக்கொண்டிருந்த கல்லூரி 2025 கோடையில் இப்போது இடமில்லை என்று சொல்லிவிட்டது. அவள் அழுதபோது இவளும் சேர்ந்து அழுதாள். பிறகு இவளுடைய ஷீட்டை அவளுக்கு அனுப்பினாள்.

பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடையில் இரண்டு டி-3 கல்லூரிகள் ப்ரீ-ரீட் கேட்டன. மதிப்பெண் பட்டியலையும் பாடங்களையும் கோச் வழியாக அட்மிஷன் அலுவலகம் முன்கூட்டிப் பார்த்து, வாய்ப்பு எப்படி என்று கோச்சுக்குச் சொல்வதுதான் ப்ரீ-ரீட். அது உறுதிமொழி இல்லை, ஆனால் கோச்சின் ஆதரவு என்றால் என்ன என்று அப்போதுதான் தெரியும். ஒரு இடத்தில் சாதகமான பதில், இன்னொன்றில் தயக்கம். சாதகமான இடத்தில் 2026-க்கு இரண்டு பிரெஸ்ட்ஸ்ட்ரோக்காரர்கள் பட்டம் வாங்கிப் போகிறார்கள். கால்குலேட்டர் காட்டிய தொகையை வைத்துக் கணவரும் நானும் இரண்டு நாள் பேசினோம். எர்லி டிசிஷனில் போட்டாள். அது கிடைத்தால் கட்டாயம் சேர வேண்டிய வகை என்பதால், பணத்தைப் பற்றிய பேச்சை அதற்கு முன் முடித்தது நல்லது. டிசம்பரில் பதில் வந்தது. கிடைத்துவிட்டது. உதவித்தொகை கால்குலேட்டர் சொன்னதைவிடக் கொஞ்சம் குறைவு, சமாளித்துக்கொள்வோம்.

இந்த ஜூனில் எங்கள் கிளப்பில் பத்தாம் வகுப்பை முடிக்கும் பிள்ளைகள் ஐந்து பேர். ஜூன் 15-க்கு முன்னால் ஒரு ஞாயிறு மாலை ஐந்து குடும்பத்தையும் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். மகள் அந்த ஷீட்டை டிவியில் போட்டுக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். ஐந்து பேருடைய டைமையும் வாங்கி, எட்டாவது, பதினாறாவது பத்திகளை இப்போதே நிரப்பத் தொடங்கிவிட்டாள்.